மாசிப் பங்கும் நாலு கிரேக்கச் சொற்களும்

எனக்குக் கிரேக்கம் தெரியாது. நாலே நாலு சொல் தெரியும். ஒன்றை எங்கள் வீட்டு வாசலில் கற்றுக்கொண்டேன், மூன்றை ஏலமலையில். நாலுக்கும் என் அம்மா அழுதிருக்கிறாள். அதனால் அந்த மொழியின் ஆழம், அழகு என்று யாராவது மேடையில் ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பவுல் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் எழுதிய ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு என் அப்பா செய்த காரியத்தின் மேல்தான் கோபம். அது இன்றுவரை ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

அப்பா உபதேசியார். நாங்கள் போடியில் குடியிருந்தோம். சனிக்கிழமை ஜீப்பில் ஏறி போடிமெட்டுப் பக்கம் போவார். அங்கே ஏலத்தோட்டத்து வேலைக்காரர்களுக்கென்று தகரக் கூரை போட்ட ஒரு ஜெபவீடு இருந்தது. பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் அவர் செய்யலாம். அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்து மட்டும் கொடுக்க முடியாது, அதற்குப் பட்டம் பெற்ற ஐயர், அதாவது குருவானவர், வரவேண்டும். அந்தக் குறை அவருக்குள் முள்ளாகக் கிடந்தது. எழுபதுகளின் நடுவில் எங்கிருந்தோ தபால் மூலம் கிரேக்கம் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தார். மாதம் ஒரு கட்டுக் காகிதம் வரும். அவர் சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவார். எங்கள் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் கிரேக்கம் தொங்கியது.

அம்மா சிலமலைக்காரி. தோட்டம், கிணறு, பம்புசெட்டு என்று வாழ்ந்த சம்சாரி வீட்டுப் பெண். அவர்கள் களத்தில் வேலை பார்த்த குடும்பம் அப்பாவுடையது. இவள் அவரைக் கட்டிக்கொண்டு கிறிஸ்தவ வேதத்துக்கு வந்துவிட்டாள். கேட்கவேண்டுமா? ஆறு வருஷம் அந்த வீட்டிலிருந்து ஒரு காக்கை குருவி எட்டிப் பார்க்கவில்லை. அம்மா போடியில் ஏலக்காய் பொறுக்கும் கிட்டங்கிக்குப் போய், பழுதைத் தள்ளி நல்ல காயைப் பிரித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தாள்.

ஏழாவது வருஷம் மாசி மாதத்தில் அவளுடைய ஒரே அண்ணன், என் தாய்மாமன், கையில் ஒரு தூக்குவாளியோடு வாசலில் வந்து நின்றார்.

அதன் அர்த்தத்தை நான் சொல்லியாக வேண்டும். மாசியில் குலசாமி கும்பிட்டுக் கிடாய் வெட்டுவார்கள். கறியைக் கூறு போடுவார்கள். பங்காளி வீட்டுக்கு ஒரு கூறு, வெளியே கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் ஒரு கூறு. உன் பேரைச் சொல்லி ஒரு கூறு வைத்தால் நீ அந்த வீட்டுப் பிள்ளை. கொண்டுவருகிறவர் வாசலில் நின்று, “நம்ம சாமிக்கு வெட்டுனது ஆத்தா, ஒம் பங்கு” என்று வாயால் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் அது வெறும் கடைக்கறி. அந்தப் பங்கைத் திருப்பி அனுப்பினாலோ, பிறந்த வீட்டு வாசலை நீயே அடைத்துவிட்டாய் என்று பொருள். அதற்கப்புறம் உனக்குக் கூறு கிடையாது.

அம்மா அன்றைக்கு இரண்டு கையாலும் வாங்கினாள். அதிலிருந்து வருஷா வருஷம் வந்தது. மாமா வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொல்லுவார், கொடுப்பார், பஸ்சுக்கு நேரமாச்சு என்று போய்விடுவார். ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. அவர் எப்போதும் அவசரக்காரர் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் சில வருஷம் சும்மாதான் இருந்தார். கிரேக்கம் வந்தது, வினையும் வந்தது. எனக்குப் பதினான்கு வயதான மாசியில் மாமா தூக்கை நீட்டினார். அம்மா கையை நீட்டுவதற்குள் அப்பா உள்ளிருந்து வந்து நடுவில் நின்றுகொண்டார்.

“இது எய்தோலோதுத்தோன்,” என்றார்.

மாமா விழித்தார். “இல்லையே, வெள்ளாட்டுக் கறி.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா என்னை முறைத்துவிட்டு விளக்க ஆரம்பித்தார். எய்தோலோன் என்றால் வெறும் உருவம், நிழல். துத்தோன் என்றால் அறுத்துப் பலியிட்டது. நிழலுக்கு அறுத்ததைத் தேவனுடைய பிள்ளைகள் தின்னக்கூடாது. தெருவில் போன நாலு பேர் நின்று கேட்டார்கள். மாமா அம்மாவை மட்டும் பார்த்து, “அப்ப வேணாமா ஆத்தா?” என்று கேட்டார். அம்மா புருஷனையும் பார்த்தாள், அண்ணனையும் பார்த்தாள். தூக்கு திரும்பிப் போனது.

அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. பிறகு எழுந்து சண்டைக்கு நின்றாள். அப்பப்பா, என்ன சண்டை! “நெழலுன்னு நீங்கதான சொல்றீங்க? நெழலுக்கு வெட்டுனா கறியில என்ன ஒட்டிக்கிட்டு வரும்? ஒரு தடவை திரும்புனதுக்கு எங்கண்ணன் பொறுத்துக்கிருவான். அடுத்த மாசியும் திரும்புச்சு, எனக்குப் பொறந்த வீடு இல்ல. நான் செத்தாக் கோடிச் சேலை போட நாதி இல்ல.” நாள் தவறாமல் இதே பாட்டு. பத்து மாதம் கழித்து அப்பா இறங்கி வந்தார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், பத்தாம் அதிகாரம். இலையில் வைத்ததை எதுவும் கேட்காமல் சாப்பிடு, ஒருவன் வந்து இது படையல் என்று சொன்னால் மட்டும் சாப்பிடாதே என்று அதில் வருகிறது. அதைக் காட்டினார்.

“ஒங்கண்ணன் சொல்லாமக் குடுக்கட்டும். நான் கேக்க மாட்டேன். வாங்கிக்க,” என்றார்.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு சிலமலைக்கு ஓடினாள். மாமா கிணற்றடியில் தண்ணீர் மாறிவிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார்.

“சொல்லாமக் குடுக்கவா? ஒனக்குக் கறி வாங்கிக் குடுக்கவா ஆத்தா நான் பஸ்சேறி வர்றேன்? போடியில கறிக்கடையே இல்லையா? சாமி பேரச் சொல்லிக் குடுத்தாத்தான அது பங்கு!”

“எனக்காகண்ணே,” என்றாள் அம்மா. “மனசுக்குள்ள சொல்லிக்க. சாமிக்குக் கேக்கும்.”

கடைசியில் மாமா தலையை ஆட்டினார். சாமிக்கு முன்னால் தலைகுனியச் சொல்வது போலத்தான் அது அவருக்கு. ஆனாலும் ஒத்துக்கொண்டார். அந்த ஒரு தலையாட்டலுக்காக அவர் செய்த மற்றதை எல்லாம் மன்னிக்கலாமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

மாசி வந்தது. மாமா வந்தார். தூக்கை நீட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, வாய் திறக்காமல் நின்றார். அம்மாவின் கை தூக்கின் பிடியில் பட்டேவிட்டது. அப்போது நாற்காலியில் இருந்த அப்பா கேட்டார்.

“என்ன கறி அது?”

அம்மா திரும்பி, “என்னங்க…” என்றாள்.

“கேக்குறேன்ல? எங்க வெட்டுனது? யாருக்கு வெட்டுனது?”

மாமாவுக்குப் பொய் வராது. அந்த மனிதரின் நல்ல குணமும் அதுதான், கெட்ட குணமும் அதுதான். நிமிர்ந்து நின்று, “எங்க குலசாமிக்கு வெட்டுனது,” என்றார்.

“சொல்லிட்டாரு,” என்றார் அப்பா. “இனிமே வாங்க முடியாது.”

அடப் பாவி மனுசா! அவர் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி வந்துபோனதை என் கண்ணால் பார்த்தேன். சாகும்வரை அதை மறக்கமாட்டேன். மாமா தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தார். அம்மா தெருமுனை வரைக்கும் பின்னாலேயே ஓடினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஆவணியில், ஏலக்காய் முதல் எடுப்புக்குக் கொஞ்சம் முந்தி, ஜெபவீட்டில் பாட்டுச் சொல்லிக்கொடுக்க அப்பா என்னை மலைக்குக் கூட்டிப்போனார். ஆராதனை நடுவில் காய் எடுக்கிற ஒரு பெண் எழுந்தாள். மலையாளம் கலந்த பேச்சு அவளுக்கு.

“உபதேசியாரே, ஒரு சம்சயம். மொத எடுப்பு அன்னிக்கு மரத்தடியில சேவல் அறுத்துப் பொங்க வெச்சு எல்லார்க்கும் எலையில வெக்கிறாங்க. நாங்க மட்டும் திங்காம உக்காந்தா கங்காணி மொகத்த முறிக்கிறாரு. திங்கலாமா, கூடாதா?”

இவளுக்கு இன்றைக்குக் கிரேக்கத்தில் அர்ச்சனைதான் என்று நினைத்தேன். அப்பா சிரித்தார். அதே நிருபத்தைத் திறந்து, அதே அதிகாரத்தை எடுத்தார். மக்கெல்லோன் என்றால் கறிக்கடைச் சந்தை. அந்த ஊரில் கோயிலில் வெட்டியதும் அங்கேதான் விலைக்கு வரும், வாங்கித் தின்னுங்கள் என்று பவுலே சொல்கிறார் என்றார். அடுத்தது அனக்ரினோ. கோர்ட்டில் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது. சாப்பாட்டைக் கூண்டில் ஏற்றாதே, அது விசுவாசமல்ல, வம்பு என்றார். மூன்றாவது மேனுவோ. போய்த் தகவல் சொல்வது. “இயேசு இருக்குற எடம் தெரிஞ்சா வந்து சொல்லணும்னு பிரதான ஆசாரியருங்க கட்டளை போட்டாங்களே, அந்த எடத்துலயும் இந்தச் சொல்லுதான். நீங்களாப் போய் யாரையும் தோண்டாதீங்க. எலையில வெச்சதச் சாப்புடுங்க, கர்த்தருக்கு நன்றி சொல்லுங்க,” என்று முடித்தார்.

அந்தப் பெண்கள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒருத்தி, எங்க உபதேசியாரு தங்கம் என்று என் காதில் சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதை முதல் வரிசையில் பாயில் உட்கார்ந்து பார்த்தவள் நான். எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் சுத்தமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் மாமாவைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்.

மெட்டில் கீழே போகிற ஜீப்புக்காகக் காத்திருந்தோம். டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

“அப்ப மாமாவ ஏன் அனக்ரினோ பண்ணீங்க?” என்று கேட்டேன்.

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கிளாஸை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“ஒங்க மாமா நம்ம வீட்டுல ஒரு வாய்ப் பச்சத் தண்ணி குடிச்சுப் பாத்திருக்கியா?”

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

“படி ஏறுனதப் பாத்திருக்கியா? குடுப்பான், கைய நனைக்க மாட்டான். எங்கப்பன் அவுங்க களத்துல நெல்லடிச்சவன். அவன் குடுக்குறத நான் கையேந்தி வாங்கணும். எஞ்சோறு அவனுக்கு ஆகாது. அதான்.”

நியாயமாகச் சொல்ல வேண்டும், அது உண்மை. மாமாவின் அவசரம் பஸ்சுக்கான அவசரம் இல்லை என்று அந்த டீக்கடை வாசலில்தான் எனக்கு உறைத்தது. எனக்கு மாமா மேலும் ஆத்திரம் வந்தது. ஆனால் அதைத் தமிழிலேயே சொல்லியிருக்கலாமே! “உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டால்தான் உன் பங்கை வாங்குவோம்” என்று மாமா முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான் அப்பா பக்கம் நின்றிருப்பேன். அதற்குத் தைரியம் இல்லை. பவுலைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தி, கடைசியில் அடித்தது அம்மாவை. அவளுடைய அண்ணன் தண்ணீர் குடிக்காததற்கு அவள் என்ன செய்வாள்?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“எனக்குத் தெரியாதாக்கும்?” என்றாள். “ரெண்டு பேரும் ரோசக்காரனுக. ரெண்டு ரோசத்துக்கு நடுவுல எம் பங்கு போச்சு.” சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அடுத்த மாசியில் யாரும் வரவில்லை. சனிக்கிழமை கிடாய்வெட்டு என்று தெரியும். அன்று அப்பா மலைக்குப் போகவில்லை. மறுநாள் போடி வேதக்கோயிலில் திருவிருந்து, அதற்கு அவர் ஐயருக்கு உதவிக்கு நிற்க வேண்டும். எனக்கு அது முதல் திருவிருந்து. அம்மா காலையிலேயே தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தாள். கையில் தூக்கு.

நேராக அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“நீங்க கேக்கல. நானாச் சொல்றேன். எங்க சாமிக்கு வெட்டுனது. கூறு போடுற எடத்துலயே போயி நின்னேன். எதுக்கு வந்தேன்னான் எங்கண்ணன். எம் பங்க வாங்க வந்தேன்னேன். நீ கொண்டாந்தாத்தான சண்ட, நானே எடுத்துக்கிட்டுப் போறேன்னேன். வெச்சான். வாயாலயும் சொன்னான். அங்கயே தின்னுட்டும் வந்துட்டேன்.” மூச்சு வாங்கிக்கொண்டு, “எங்க வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்புடுண்ணேன்னும் கேட்டேன். தரையப் பாத்தான். அதுக்கு நான் என்ன பண்ண? அவனுக்கும் நாந்தான் பதில் சொல்லணுமா?” என்றாள்.

அம்மா கறியைக் குழம்பு வைத்துத் தின்றாள். எனக்கும் போட்டாள். அப்பா மோர்ச்சோறு சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அவர் சண்டை பிடிக்காதது எனக்குப் பயமாக இருந்தது. அம்மா என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு பாத்திரம் கழுவும்போது பாட்டு முணுமுணுத்தாள்.

மறுநாள் கோயிலில் நானும் அம்மாவும் அடுத்தடுத்து முழங்கால் போட்டோம். ஐயர் அப்பத் தட்டோடு வரிசையாக வந்தார். அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், கையில் துணியோடு, அவருக்கு ஓர் அடி பின்னால். எனக்கு அப்பம் கிடைத்தது. அம்மா உள்ளங்கையைக் குவித்து நீட்டியிருந்தாள். ஐயர் அவள் முன்னால் வந்தபோது அப்பா குனிந்து அவர் காதில் என்னவோ சொன்னார்.

எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. மேனுவோ. மலையில் அந்தச் சொல்லை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

ஐயர் தயங்கினார். “அம்மா, நேத்துப் படையல் சாப்பிட்டீங்களாமே. உண்மையா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளும் அந்த வீட்டுப் பிள்ளைதானே. “ஆமாய்யா. எங்கூடப் பொறந்தவன் குடுத்தான்,” என்றாள்.

ஐயர் அடுத்த ஆளுக்கு நகர்ந்தார். அம்மாவின் கை நீட்டியபடியே இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அவள் எழுந்து போவாள் என்று பார்த்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

அடுத்து நான் செய்தது தெரிந்து செய்ததா, வெறியில் செய்ததா என்று யாராவது கேட்டால், தெரிந்துதான் செய்தேன். எங்கள் வீட்டில் ஒரு வாசலை அடைப்பது எப்படி என்று இரண்டு தடவை பார்த்துப் படித்தவள் நான். எழுந்தேன். இரண்டு எட்டு நடந்து, ஐயர் கையில் இருந்த தட்டில் என் அப்பத்தைத் திருப்பி வைத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வைத்தேன். அவர் பார்வையைத் தட்டுக்குத் தாழ்த்தினார், எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தேன். பின்னாலேயே அம்மா வந்தாள். கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அதுவரை என்னை அவள் அடித்ததே கிடையாது.

“பங்கத் திருப்புவியாடி? பங்கத் திருப்புவியா?” என்று கத்தினாள். “எவன் குடுத்தாலும், எவன் தட்டிவிட்டாலும், ஒனக்குன்னு வெச்சத ஒங் கையால திருப்பலாமாடி? நான் பட்ட பாடு பாத்துக்கிட்டுத்தான இருந்தே? போ, வெரசாப் போயி வாங்கித் தின்னு!”

கையைப் பிடித்துத் தரதரவென்று கோயில் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே எல்லாம் முடிந்திருந்தது. திருவிருந்தில் மிஞ்சிய அப்பத்தைக் கீழே போடக்கூடாது, வெளியே கொண்டுபோகக்கூடாது, நின்ற இடத்திலேயே தின்று தீர்க்க வேண்டும். ஐயரும் அப்பாவும் தட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அதைத் தின்றுகொண்டிருந்தார்கள். நான் திருப்பி வைத்ததும் அதில்தான் சேர்ந்திருந்தது, தட்டில் இனி எதுவும் மிச்சமில்லை. அப்பா எங்களைப் பார்த்தார். வாயில் இருந்ததை மென்று முழுங்கினார்.